‘ம்’ கொட்ட விட்ட இடம்

வெள்ளம் வந்த வருஷம் அது. ஆலுவாப் பக்கம் வீடுகள் கூரை மட்டும் தெரிய நின்றதே, ஓணத்தை யாரும் கொண்டாடவில்லையே, அந்த வருஷம். நம் மட்டாஞ்சேரிக்குத் தண்ணீர் வரவில்லை, தண்ணீருக்குத் தப்பிய ஆட்கள்தான் வந்தார்கள். நான் அப்போதே சுமை இறக்குகிற வேலையை விட்டுவிட்டேன். ஆனாலும் பஜாரில் கிட்டங்கிக் கதவைத் திறந்து அரிசி மூட்டைகளை முகாம்களுக்கு ஏற்றுகிறார்கள் என்று கேட்டதும், பழைய நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, என்னோடு மூட்டை தூக்கின கூட்டாளி அசனாரோடு போனேன். படகுத்துறையில் சேறு ஏறிப் படகு நின்றுபோனதும் அந்த வருஷம்தான். அந்தச் சேறும் சலசலப்பும் அடங்குவதற்குள் நீ களமசேரியிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பெட்டி ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து, நம் வீட்டு மாடிப்படியில் முட்டாமல் மோதாமல் ஏற்றினாய். உன் அம்மா கட்டிலில் இருந்தபடியே கேட்டாள்: “என்னடா அது, வெள்ளத்துல மிதந்து வந்ததா?”

எனக்கு எழுத்து தெரியாது. இதை எழுதுகிறது கீழ்வீட்டு லட்சுமி. தென்காசியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், தமிழ் நன்றாக எழுதுவாள், தையல் மெஷினை நிறுத்திவிட்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறாள். நான் ஜன்னலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நடந்துகொண்டே சொல்கிறேன். “மாமா, நீங்க நடந்துக்கிட்டே சொன்னா நானும் நடந்துக்கிட்டே எழுதணுமா? உக்காருங்க” என்கிறாள். உட்கார முடியவில்லை. சனிக்கிழமை நீ புது மெஷினோடு வரப்போகிறாய். ஞாயிற்றுக்கிழமை நீயும் மருமகள் திவ்யாவும் அயர்லாந்துக்கு விமானம் ஏறுகிறீர்கள். போனில் சொன்னாய்: “பழசைத் துடைச்சிட்டு யாருக்காவது கொடுத்துரலாம்ப்பா. போட்டோ எல்லாம் காப்பி எடுத்தாச்சு. ஒண்ணும் போகாது.” ஒன்றும் போகாது என்று நீ சொன்ன அந்த நிமிஷத்திலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் சொன்னால் நீ “சரிப்பா, சரிப்பா” என்று பெட்டி கட்டிக்கொண்டே கேட்பாய். எழுதினால் அப்படி முடியாது. உனக்கு மலையாளம் தண்ணீராக ஓடும், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். நல்லதாகப் போயிற்று. மெதுவாக வாசி. லட்சுமி இதை அம்மன் கோயில் விழா மலருக்கும் கொடுக்கப் போகிறாளாம். கொடுக்கட்டும். இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் எதையாவது துடைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள்.

முதலில் உனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். நான் வேலை முடிந்து வந்து குளித்து உட்கார்ந்தால், உன் அம்மா வாரப் பத்திரிகையோ அன்றைய பேப்பரோ எடுத்து வைத்து எனக்கு வாசிப்பாள். கல்யாணமான புதிதில் தொடங்கியது. அவள் ஒரு வரி வாசிப்பாள், நான் ‘ம்’ என்பேன். அடுத்த வரி, அடுத்த ‘ம்’. கதை கேட்கிறவன் ‘ம்’ கொட்டாவிட்டால் கதை சொல்கிறவளுக்கு மரியாதை இல்லை என்பது அவள் ஊர்ச் சட்டம். ஒரு ‘ம்’ தவறினால் வாசிப்பை நிறுத்திவிட்டு, “ஆள் இருக்கா, இல்ல பஜாருக்குத் திரும்பிப் போயாச்சா?” என்பாள். நீ அந்தச் சத்தத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதினாய். உன் காதில் அது விழுந்திருக்கும், மனசில் விழுந்ததா என்று தெரியாது. பிறகு சர்க்கரை அவள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அவளுக்குக் கண் போனது, எனக்கு வாசிப்பு போனது. இரண்டு பேரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து யாரோ யாரையோ பார்த்துக் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் நீ அந்த மெஷினைக் கொண்டுவந்தாய். இதை ஓட்டுகிறது லினக்ஸ், நம்ம பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தது, இதை நமக்கு வேண்டிய மாதிரி வளைக்கலாம் என்றாய். கீபோர்டுச் சாவி வரிசையில் மேலே முதல் சாவியை அமுக்கினால் அன்றைய தமிழ்ச் செய்தியை வாசிக்கும்படி செய்தாய். மெஷின் முதல் தடவை வாயைத் திறந்தபோது உன் அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கீழ்வீடு வரை கேட்டது. “யாருடா இவன், மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேசுறான்? சளிக்கு மருந்து கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?” அன்றே அதற்கு வாயாடி என்று பெயர் வைத்தாள். குரலை மாற்ற முடியாது, வேகத்தையும் கனத்தையும் மாற்றலாம் என்று நீ சொன்னதும் பிடித்துக்கொண்டாள். குறை என்றாள், குறைத்தாய். தூங்குறானே என்றாள், கூட்டினாய். கடைசியில் ஒன்று கேட்டாள்: “ஒரு வரி முடிஞ்சா அடுத்த வரிக்கு முன்னாடி கொஞ்சம் நிக்கச் சொல்லு.”

“எதுக்கும்மா? நேரம்தான் போகும்.”

“மூச்சு விட வேண்டாமா?”

“மெஷினுக்கு மூச்சு கிடையாதும்மா.”

“கேக்குறவனுக்கு இருக்குல்ல. நிக்கச் சொல்லு.”

நீ இடைவெளி வைத்தாய். காணாது என்றாள். இன்னும் வைத்தாய். இப்போ ஜாஸ்தி, தண்ணி குடிச்சிட்டு வந்துருவான் போல என்றாள். நீ பொறுமை இழந்து, “நீயே வந்து வச்சுக்கோ” என்றாய். இரண்டு சாயங்காலம் இந்தச் சண்டை. அவளுக்குப் பார்வை இல்லை, ஆனால் முகத்தை என் பக்கம்தான் திருப்பி வைத்திருந்தாள். நான் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, வழக்கப்படி ஒவ்வொரு வரிக்கும் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் என் ‘ம்’ முடியவும் அடுத்த வரி தொடங்கவும் சரியாக இருந்தது. “அம்புட்டுத்தான். இனி அதைத் தொடாத” என்றாள். அவள் எதை அளந்தாள் என்று உனக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. எனக்கே பின்னால்தான் தெரிந்தது. இரு, அதற்கு வருகிறேன்.

இடையில் ஒரு பழைய கதை. நீ சின்ன வகுப்பில் இருந்தபோது வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டார் என்று பஜாருக்குப் பின்னாலிருந்த லைன் வீட்டை விட்டுச் சுள்ளிக்கல்லுக்குப் போனோம். நானும் அசனாரும் மூட்டை தூக்கின கை, ஒரு பொட்டு உடையாமல் எல்லாச் சாமானையும் கொண்டுபோய் இறக்கினோம். அம்மிக்கல் முதற்கொண்டு வந்துவிட்டது. ஆனால் உன் அம்மாவுக்குச் சமைக்க ஓடவில்லை. கரண்டிக்குக் கை நீட்டுவாள், அங்கே சுவர்தான் இருக்கும். புளி தேடி உப்பில் கை வைப்பாள். குழம்பு தீய்ந்தது, சோறு குழைந்தது, நீ அழுதாய். “எல்லாம்தான் வந்தாச்சே, இன்னும் என்ன குறை?” என்று நான் கோபப்பட்டேன். அவள் சொன்னாள்: “சாமானைக் கொண்டுவந்துட்டீங்க. இடத்தை அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்க.”

அடுத்த நாள் ஒரு கயிறைச் சுருட்டிக்கொண்டு பழைய வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஆள் விட்டிருந்தார், சுவரில் ஆணிகள் அப்படியே இருந்தன. அடுப்பு மேடையிலிருந்து கரண்டி ஆணி வரை கயிறைப் பிடித்து ஒரு முடிச்சு. அங்கிருந்து சல்லடை ஆணிக்கு ஒரு முடிச்சு. விளக்குத் திரி, முறம், துணிப்பை, எல்லாவற்றுக்கும் முடிச்சு. வெள்ளையடிக்கிறவன், “அண்ணாச்சிக்கு எந்து பற்றி?”, என்ன ஆச்சு என்று அசனாரிடம் கேட்டான். அசனார், “பாரியெ பேடி” என்றான். பெண்டாட்டிக்குப் பயம் என்று. சுள்ளிக்கல்லில் அந்த முடிச்சுகளை வைத்து ஆணி அடித்தேன். அன்று சாயங்காலம் கப்பைக் கிழங்கு வேகவைத்து மீன் குழம்பு வைத்தாள். கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நீ போனில் சொன்ன போட்டோ எல்லாம் சாமான். நான் கேட்பது ஆணி.

இது என் கற்பனை என்று நினைக்காதே. ஒருமுறை நடந்துவிட்டது, உனக்குப் பாதிதான் தெரியும். உன் அம்மா போன மறுவருஷம், வாயாடி திறக்கும்போதே கரகரவென்று அரைக்கத் தொடங்கியது. நீ வேலையாக வெளியூரில் இருந்தாய். சுள்ளிக்கல்லில் கடை போட்டிருக்கிற உன் கூட்டாளி நிஸாரைக் கூப்பிடச் சொன்னாய். அவன் வந்து பார்த்து, டிஸ்க் போகப் போகிறது, வேறு போட்டுத் தருகிறேன் என்று தூக்கிக்கொண்டு போனான். கொண்டுவந்து வைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: “அண்ணாச்சி, ஒந்நும் போயிட்டில்ல. போட்டோ உண்டு, பாட்டு உண்டு, எல்லாம் உண்டு. நோக்கிக்கோ.”

பார்த்தேன். உன் கல்யாணப் போட்டோ இருந்தது. அம்மன் கோயில் பாட்டு இருந்தது. உன் அம்மா சாவிகளில் ஒட்டின பொட்டுகளும் அப்படியே இருந்தன. எனக்கு எண்ணும் எழுத்தும் தெரியாது என்று, எந்தச் சாவி எதற்கு என்று, நீ நிறம் சொல்லச் சொல்ல, தன் ஸ்டிக்கர் பொட்டையே ஒட்டி வைத்திருந்தாளே. செய்திக்குச் சிவப்பு. சிவப்பை அமுக்கினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை அமுக்கினேன். வேறு ஏதோ பெட்டி திறந்து மூடியது. நிஸார் அங்கே இங்கே தட்டி, செய்தியை வாசிக்க வைத்தான். வாசித்தது பார், பேய் பிடித்த மாதிரி. வரிக்கு வரி இடமே இல்லை. நான் ‘ம்’ என்று வாயெடுப்பதற்குள் அடுத்த வரி பாதி போய்விட்டது. மறுபடி முயன்றேன். என் ‘ம்’ அதன் பேச்சுக்குக் குறுக்கே விழுந்தது. பேசாமல் வாயை மூடிக்கொண்டேன். உன் அம்மாவும் நானும் குடித்தனம் தொடங்கின நாளிலிருந்து, வாசிப்புக்கு முன்னால் நான் ‘ம்’ கொட்டாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. அந்த இரண்டு சாயங்காலமும் அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்து எதை அளந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“சாமான் எல்லாம் இருக்கு நிஸாரே. வீடு இல்லை” என்றேன்.

“வீடோ? ஏது வீடு?” என்று அவன் என்னைப் பார்த்தான். நான் ஆணிக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் தலையில் கை வைத்தான். “படச்சோனே. அது ஞான் எடுத்தில்லல்லோ.”

சாயா வாங்கி வரச் சொல்லிவிட்டு அவன் எனக்கு விளக்கினான். லினக்ஸில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வீடு உண்டாம். போட்டோவும் பாட்டும் அந்த வீட்டின் முற்றத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கிடக்கும். ஆனால் எந்தச் சாவி என்ன செய்யும், எழுத்து எவ்வளவு பெரிது, குரல் எவ்வளவு வேகம், இதெல்லாம் அதே வீட்டில் ஒளித்து வைத்த பெட்டிகளில் இருக்குமாம். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் அந்தப் பெட்டி கண்ணுக்குத் தெரியாது. அவன் கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் அள்ளினான், தெரியாததை விட்டுவிட்டான். இது போக, வீட்டுக்கு வெளியே மெஷினுக்கே சொந்தமான ஒரு பெட்டி உண்டு, நீ குரலுக்கு வைத்த சில கணக்குகள் அதிலேயும் இருந்தன என்று பிறகு கண்டுபிடித்தான்.

“பழைய டிஸ்க் எங்கே? பழைய இரும்பு எடுக்கிற ஆக்ரிக்காரனுக்குப் போட்டாச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல அண்ணாச்சி. கடையில எங்கேயோ கிடக்கு. தூர எறியணும்னு நினைச்சேன், மடி.”

மடி என்றால் சோம்பல். அந்தப் பையனின் சோம்பல்தான் நம்மைக் காப்பாற்றியது. அரைத்துக்கொண்டிருந்த டிஸ்க்கை மூச்சு விட வைத்து, நிறுத்தி, மறுபடி ஓட்டி, ஒளித்த பெட்டிகளைச் சிந்தாமல் எடுத்து வந்தான். திரும்பப் போட்டதும் சிவப்புப் பொட்டை அமுக்கினேன். சளி பிடித்தவன் பேசினான். ஒரு வரி சொல்லிவிட்டு நின்றான். நான் ‘ம்’ என்றேன். அடுத்த வரிக்குப் போனான். நிஸார் என் முகத்தைப் பார்க்காமல் சாயா கிளாஸை எடுத்துக்கொண்டு கீழே கழுவப் போய்விட்டான். நல்ல பையன்.

இப்போது நீ சொல்வாய், அந்த இடைவெளி ஒரு எண்தானே, பத்து நிமிஷத்தில் மறுபடி வைத்துத் தருகிறேன் என்று. வைக்கலாம். எதை வைத்துச் சரி பார்ப்பாய்? அம்புட்டுத்தான், தொடாதே என்று சொன்ன காது இல்லையே. எனக்கு வைக்கத் தெரியாது, எனக்குக் கொட்டத்தான் தெரியும். நான் வேறு இப்போது மெதுவாகிவிட்டேன், என் ‘ம்’ இழுக்கிறது. இன்றைக்கு அளந்தால் வேறு அளவு வரும். எனக்கு அவள் அளந்ததுதான் வேண்டும். அதற்குள் நான் என்னை அடக்கிக்கொள்கிறேன்.

ஆகையால் சனிக்கிழமை இப்படிச் செய். வந்ததும் புது மெஷினைத் திறக்காதே. முதலில் வாயாடியின் முன்னால் உட்கார்ந்து, ஒளித்த பெட்டிகளைக் கண்ணுக்குத் தெரிய வை. எந்தெந்தப் பெட்டி என்று பொறுக்கிக்கொண்டிருக்காமல் வீட்டில் இருப்பதை முழுதாக அள்ளு. மெஷினுக்குச் சொந்தமான பெட்டியையும் நகல் எடு. என்னென்ன புரோகிராம் போட்டிருக்கிறாய் என்பதையும் மெஷினையே எழுதித் தரச் சொல். பேசுகிறவனே இல்லாத இடத்தில் அவன் வேகத்தை மட்டும் கொண்டுபோய் என்ன செய்ய? புது மெஷினில் போடும்போது மட்டும் நிதானம் வேண்டும் என்றான் நிஸார். வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் அப்படியே உட்காரும். மெஷின் பெட்டியை அப்படிக் கொட்டக் கூடாதாம், குரலும் சாவியும் எது என்று பார்த்து அதை மட்டும் எடுத்துப் போட வேண்டுமாம். பழைய வீட்டுக் கதவுப் பூட்டைப் புது வீட்டுக் கதவில் மாட்டினால் நாம் உள்ளே போக முடியாதே, அதுபோல.

போட்டு முடித்ததும், எடுத்தாச்சு என்று எழுந்துவிடாதே. நான் கட்டிலில் என் ஓரத்தில் உட்காருவேன். நீ சிவப்புப் பொட்டைப் புதுச் சாவியில் ஒட்டி அமுக்கு. அவன் ஒரு வரி சொல்லட்டும். நான் ‘ம்’ சொல்கிறேன். அவன் காத்திருந்தால் வேலை முடிந்தது. காத்திருக்காவிட்டால் விமானத்துக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. எடுத்து வைத்ததில் ஒன்று உன்னோடு அயர்லாந்துக்குப் போகட்டும், ஒன்று லட்சுமி வீட்டு அலமாரியில் இருக்கட்டும். “என் தலையிலயா?” என்கிறாள், ஆனால் அதையும் எழுதிவிட்டாள். வாயாடியைத் துடைக்காதே. யாருக்கும் கொடுக்காதே. பரண்மேல் இருக்கட்டும். நிஸாரின் சோம்பலை இந்த ஒரு விஷயத்தில் நீயும் கற்றுக்கொள்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அப்பா மெஷினைப் பற்றி மட்டும்தான் பேசினார் என்பாய். அங்கே புது வீட்டில் இறங்கியதும் பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்துவிட்டு எல்லாம் வந்தாச்சு என்று திவ்யாவிடம் சொல்லாதே. அவள் கை எங்கே போய் எதைத் தேடித் திரும்புகிறது என்று சில நாள் பார். பார்த்துவிட்டு ஆணி அடி. நான் கோபப்பட்ட பிறகுதான் கயிறை எடுத்தேன். நீ முதலிலேயே எடு.

லட்சுமிக்குக் கை வலிக்கிறது. கடைசியாக ஒன்றுதான். சிவப்புக்கு அடுத்த பொட்டுகள். அமுக்கினால் ஆளைக் கூப்பிடும்படி நீ செய்த சாவிகள். தென்காசி மாமா போனபோது நீ அவரை அதிலிருந்து எடுத்துவிட்டு மற்றவர்களை ஒவ்வொரு இடம் முன்னால் தள்ளினாய், சுத்தமாக இருக்கும் என்று. நான் விரல் பழகின இடத்தில் அமுக்கி, “எடா அசனாரே, நீ எவிடெ?” என்றேன். எடுத்தது பாலக்காட்டு உன் அத்தை. “காலையிலேயே குடிச்சிருக்கியாண்ணே?” என்று அவள் கேட்ட கேள்வி குடும்பத்தில் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு உன்னைத் திட்டி மாமாவை மறுபடி அவர் இடத்தில் வைக்கச் சொன்னேன். சனிக்கிழமையும் அப்படியே இருக்கட்டும். எனக்கு எழுத்து இல்லை, இடம்தான். ஒரு ஆளை எடுத்தால் எனக்கு எல்லா ஆளும் தவறும். பஜாரில் கடை அடைத்துக் கிடந்தாலும் அடுத்த கடைக்கு வழி சொல்ல அந்தக் கடை வேண்டுமே.

மஞ்சள், மாடசாமி மாமா. போய்விட்டார். பச்சை, அசனார். வாட்டர் மெட்ரோப் படகு மட்டாஞ்சேரிக்கு வருகிறதைப் பார்த்து, அதில் ஒரு தடவை போய் வந்து, அந்த மாதமே போய்விட்டான். கறுப்பு, உன் அத்தை பேச்சியம்மாள். போன மாதம் நீதான் என்னைப் பாலக்காட்டுக்குக் கூட்டிப்போனாய். மூன்று இடத்தை விரலால் தடவித் தாண்டினால் நீலம் வருகிறது. அதை அமுக்கினால் மட்டும்தான் இன்னும் ஒரு ஆள் எடுக்கிறான். நீதான், இசக்கிமுத்து.